சேலத்தில் கட்டித் தரும் 20 எச்.பி. ஸ்டார்-டெல்டா பேனல்: சா மில்லுக்குத் தாங்குமா?

மோட்டாரை முதலில் குறைந்த கரண்டில் (ஸ்டார்) கிளப்பி, வேகம் பிடித்ததும் முழு வோல்டேஜுக்கு (டெல்டா) மாற்றிவிடுவது ஸ்டார்-டெல்டா பேனல். சேலத்துப் பேனல் பட்டறைகளில் 20 எச்.பி.க்கு அதைக் கேட்டால் கையில் கிடைப்பது பெரும்பாலும் ஒரே வார்ப்புதான். தகரப் பெட்டி, உள்ளே மெயின், ஸ்டார், டெல்டா என்று மூன்று கான்டாக்டர் (காந்தத்தால் இழுபட்டு கரண்டைச் சேர்க்கும் சுவிட்ச்), மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் வெட்டிவிடும் ஒரு ஓவர்லோடு ரிலே, ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாற்றும் ஒரு டைமர், கதவில் வோல்ட் மீட்டர், ஆம்ப் மீட்டர், பச்சை பட்டன், சிவப்பு பட்டன். கிணற்று மோட்டாருக்குப் போவதும் இதுதான், சேகோ ஆலைக்குப் போவதும் இதுதான், 36 இஞ்ச் பேண்ட் சா (பட்டை ரம்பம்) ஓட்டும் மர மில்லுக்குப் போவதும் இதுதான். கிணற்றடியில் பத்து வருஷம் கிடக்கும் பேனல், மரத்தூள் பறக்கும் ஷெட்டில் இரண்டு வருஷத்தில் கருகுவதற்குக் காரணமும் அதுவே.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வாங்கலாம். உள்ளே போடும் கான்டாக்டர், ரிலே எல்லாம் நல்ல கம்பெனிச் சரக்குதான். ஒயரிங்கும் பொதுவாக ஒழுங்காகவே இருக்கிறது. ஆனால் வந்த நிலையில் அப்படியே சுவரில் மாட்டக் கூடாது. பெட்டி, கேபிள் நுழையும் வழி, ரிலே செட்டிங், ஆட்டோ சுவிட்ச் ஆகிய நான்கையும் திருத்திய பிறகே கரண்ட் கொடுக்க வேண்டும்.

பெட்டியிலிருந்து தொடங்குவோம். 1.6 மி.மீ. தகடு கேட்டால் கொடுக்கிறார்கள், கேட்காவிட்டால் 1.2 மி.மீ. வருகிறது. அது பெரிய குறையில்லை. இரண்டு பக்கமும் காற்றுக்காக வெட்டியிருக்கும் லூவர்தான் பெரிய குறை. 20 எச்.பி. பேனலுக்கு அந்த லூவர் தேவையே இல்லை. மோட்டார் ஓடும்போது இழுபட்டு நிற்கும் இரண்டு கான்டாக்டரும் ரிலேயும் டைமரும் சேர்ந்து வெளியேற்றும் சூடு 40 வாட்டைத் தாண்டாது; 600-க்கு 450 மி.மீ. பெட்டியின் தகடே அதை வெளியே விட்டுவிடும். ஆனால் அந்த லூவர் வழியாக நாள் முழுக்க நுழையும் மரத்தூள், கான்டாக்டரின் காந்த முகத்தில் போய் உட்காருகிறது. முகம் இரண்டும் ஒட்டாமல் நிற்பதால் கான்டாக்டர் உறுமுகிறது, துடிக்கிறது. துடிக்கத் துடிக்க முனைகள் பொறி விட்டுக் குழியாகி, கடைசியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. காந்தத்தை இயக்கும் காயிலும் அதிகக் கரண்ட் இழுத்துக் கருகுகிறது. உறுமும் கான்டாக்டரைத் தட்டிவிட்டு ஓட்டுவது நம் மில்களில் சாதாரணம். அந்த உறுமல் ஓர் எச்சரிக்கை. மெயினை அணைத்துக் கழற்றி, முகத்தை உலர்ந்த துணியால் துடைத்து மாட்ட வேண்டும். அரத்தால் தேய்க்கக் கூடாது, எண்ணெயும் போடக் கூடாது. எண்ணெய் தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எனவே ஆர்டர் கொடுக்கும்போதே ‘லூவர் வேண்டாம், ஐ.பி. 54 பெட்டி’ என்று சொல்லுங்கள். இதில் முதல் எண் தூசிக்கு உரியது: 5 என்றால் வேலையைக் கெடுக்கும் அளவுக்குத் தூசி போகாது, 6 என்றால் தூசியே போகாது. கதவு விளிம்பில் பசை தடவி ஒட்டிய ஸ்பாஞ்ச் பட்டை ஒரு கோடையிலேயே சுருண்டு விழும். சேலத்து வெயிலில், தகர ஷெட்டின் அடியில், அதற்கு ஆயுசு அவ்வளவுதான். நியோபிரீன் ரப்பர் அல்லது விளிம்பிலேயே ஊற்றி இறுக வைத்த பாலியூரித்தேன் கேஸ்கெட் கேளுங்கள். கதவை மூடும்போது இடையில் ஒரு காகிதத் துண்டை வைத்து இழுத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் காகிதம் இறுக்கமாக நிற்க வேண்டும். எங்காவது வழுக்கிக்கொண்டு வந்தால் தூளும் அங்கே வழுக்கிக்கொண்டு போகும்.

அடுத்தது அடித்தகடு. கேபிள் நுழைய ஒரு பெரிய ஓட்டை போட்டு அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். நம் ஊர் ஒயர்மேன்களும் எல்லா கேபிளையும் அதே ஓட்டையில் திணித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதன் வழியாக மேலே ஏறுவது தூள் மட்டுமல்ல. பல்லியும் எறும்பும் ஏறும். இரண்டு ஃபேஸுக்கு நடுவே ஒரு பல்லி விழுந்தால் போதும், பேனல் முழுக்க வெடித்த கரி. இதே ஓட்டை வழியாகவே தீயும் கீழே இறங்குகிறது: கான்டாக்டரில் தெறிக்கும் உருகிய உலோகத் துளி கீழே குவிந்திருக்கும் தூளில் விழுகிறது. மரத்தூள் உடனே பற்றி எரியாது. உள்ளுக்குள்ளே கனன்றுகொண்டே இருக்கும். சாயங்காலம் மில்லைப் பூட்டிவிட்டுப் போகும்போது புகைகூடத் தெரியாமல் இருந்தது, நடுச்சாமத்தில் காற்று பட்டதும் கொழுந்துவிட்டு எரியும். ஒவ்வொரு கேபிளுக்கும் தனித்தனி கிளாண்ட், அதாவது கேபிளை இறுகப் பிடித்து ஓட்டையை அடைக்கும் மூடி, போட வேண்டும். ஆர்மர்டு கேபிளுக்கு (இரும்புக் கம்பி உறை போட்டது) அதற்குரிய பித்தளை கிளாண்ட். பயன்படுத்தாத ஓட்டைகளை அடைக்க வேண்டும். பேனலுக்கு நேர் கீழே மூட்டையோ தூள் குவியலோ இருக்கக் கூடாது, முன்னால் ஒரு மீட்டர் இடம் காலியாக இருக்க வேண்டும்.

கான்டாக்டர் அளவில் குறை சொல்ல முடியாது. 20 எச்.பி., அதாவது 15 கிலோவாட் மோட்டார், 415 வோல்ட்டில் முழுச் சுமையில் ஏறக்குறைய 27 அல்லது 28 ஆம்பியர் இழுக்கும். ஸ்டார்-டெல்டாவில் மெயின் கான்டாக்டரும் டெல்டா கான்டாக்டரும் அதில் 58 சதவீதத்தை, சுமார் 16 ஆம்பியரைத்தான் சுமக்கின்றன. பட்டறைகள் 25 ஆம்பியர் கான்டாக்டர் போடுகின்றன. போதும், மிச்சமும் இருக்கிறது. கான்டாக்டரின் மேல் ஏ.சி. 3 என்ற பிரிவில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள். ஏ.சி. 1 பிரிவின் எண் பெரிதாக இருக்கும், அது ஹீட்டருக்கு உரியது, மோட்டாருக்கு அல்ல.

ஓவர்லோடு ரிலேயில்தான் அதிக மோட்டார்கள் போகின்றன. இந்தப் பேனல்களில் ரிலே, மெயின் கான்டாக்டருக்குக் கீழே, மோட்டார் வைண்டிங்கின் தொடக்க முனைகளுக்குப் போகும் யூ1, வி1, டபிள்யூ1 லைனில் உட்காருகிறது. அந்த இடத்தில் ஓடுவது முழு 28 ஆம்பியர் அல்ல, அந்த 16 ஆம்பியர்தான். ஆனால் மோட்டாரின் பெயர்த்தகட்டில் 28 என்று எழுதியிருப்பதைப் பார்த்து ரிலேயையும் 28-க்குத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தால் மோட்டார் 48 ஆம்பியர் இழுக்கும் வரை ரிலே தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு லைன் ஃபேஸ் போய்விட்ட நிலையைப் பாருங்கள்: டெல்டாவில் ஓடும் மோட்டாரில் மூன்று வைண்டிங்கில் ஒன்று மட்டும் ஏறக்குறைய இரு மடங்கு கரண்டைச் சுமக்கும், சுமார் 32 ஆம்பியர். 16-ல் வைத்த ரிலேவுக்கு அது இரு மடங்கு, சீக்கிரமே வெட்டிவிடும். 28-ல் வைத்த ரிலேவுக்கு அது 14 சதவீதம்தான் கூடுதல். செட்டிங்கைப் போல் 1.2 மடங்கு வந்தால்கூட இரண்டு மணி நேரத்துக்குள் வெட்டினால் போதும் என்பதே இவ்வகை ரிலேவின் அளவுகோல். 14 சதவீதத்துக்கு வெட்டாமலே போகலாம். அதற்குள் வைண்டிங் வெந்துவிடும். எனவே பேனலை வாங்கியதும் ரிலேயின் ரேஞ்சைப் பாருங்கள். 14-23 போன்ற ரேஞ்சில் இருந்தால் 16-ல் வையுங்கள். 16-ஐத் தொடாத, 20-32 போன்ற ரேஞ்ச் போட்டிருந்தால் திருப்பிக் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். ரிலேயை உள்வரும் லைனிலேயே போட்டிருந்தால் மட்டும் 28 சரி. எது எங்கே இருக்கிறது என்று ஒயரைப் பின்தொடர்ந்து பார்க்காமல் ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள்.

எரிந்த மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் போனால், காரணத்தை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். டெல்டாவில் ஒரு ஃபேஸ் போய் எரிந்த மோட்டாரில் மூன்றில் ஒரு ஃபேஸின் காயில்கள் மட்டும் கறுத்திருக்கும், மற்ற இரண்டும் பளிச்சென்று இருக்கும். ஸ்டாரில் எரிந்திருந்தால் இரண்டு கறுத்து ஒன்று தப்பியிருக்கும். மூன்றும் ஒரே மாதிரி வெந்திருந்தால் மிகைச்சுமை, காற்று அடைப்பு அல்லது குறைந்த வோல்டேஜ். ‘காயில் போச்சு’ என்று மட்டும் கேட்டுவிட்டுப் பணம் கட்டிவிட்டு வந்தால், அதே பேனலில் மாட்டிய புதுக் காயிலும் அதே வழியில் போகும்.

ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் ஃபேசிங் பிரிவென்டர் இந்தப் பேனலில் தனியாகக் கேட்டால்தான் வரும். கேட்டு வாங்கியே ஆக வேண்டும். அதிலும் இரண்டு ரகம். வோல்டேஜைப் பார்க்கும் ரகம் மலிவு; ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார், போன ஃபேஸிலும் தானே ஒரு வோல்டேஜை உண்டாக்கிக் காட்டும். ரிலே ஏமாந்துவிடும். பேனலுக்கும் மோட்டாருக்கும் நடுவில் லைன் அறுந்தாலும் அதற்குத் தெரியாது. கரண்டைப் பார்க்கும் ரகம் இரண்டையும் பிடிக்கும். அதோடு ஃபேஸ் வரிசை மாறினால் ஸ்டார்ட் ஆகவிடாத வசதியும் வேண்டும். வெளியே லைன் வேலை முடிந்து கரண்ட் வரும்போது இரண்டு ஃபேஸ் இடம் மாறியிருந்தால் பேண்ட் சா தலைகீழாகச் சுழலும். ஓடும் ரம்பத்தின் முன்னால் ஆள் நிற்கும் தொழிலில் அதைச் சோதித்துப் பார்க்க முடியாது.

இங்கே நெருப்பைவிட அவசரமான ஒன்று. கிணற்று மோட்டார் வார்ப்பிலேயே கட்டுவதால், கதவில் ‘ஆட்டோ–மேனுவல்’ சுவிட்ச் ஒன்று பல பேனல்களில் கூடவே வந்துவிடுகிறது. கரண்ட் போய் வந்தால் தானாக மோட்டாரை ஓட்டுவதற்கானது அது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச அது சௌகரியம். மர மில்லில் அது ஆளைக் கொல்லும். கரண்ட் போன நேரத்தில்தான் ரம்பம் மாற்றுவதும் சக்கரத்தில் ஒட்டிய பிசினைச் சுரண்டுவதும் நடக்கும். அந்த சுவிட்சை ‘மேனுவலில் வைத்துக்கொள்கிறோம்’ என்று விட்டுவிடாதீர்கள். ஒயரோடு கழற்றி, ஓட்டையை அடைத்துத் தரச் சொல்லுங்கள். கழற்றிய இடத்தில், கதவுக்கு வெளியே பூட்டுப் போடும் வசதியுள்ள ரோட்டரி ஐசொலேட்டர் (கரண்டை முழுதாகத் துண்டிக்கும் திருகு சுவிட்ச்) கேளுங்கள். ரம்பத்தில் கை வைப்பவர் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அறுப்பவர் நிற்கும் இடத்தில் காளான் வடிவ எமர்ஜென்சி பட்டன் வேண்டும், அதையும் தனியாகவே கேட்க வேண்டும். பேனலில் காயில் 415 வோல்ட் என்பதால் அந்தப் பட்டனுக்குப் போகும் மெல்லிய ஒயரிலும் 415 வோல்ட்டே ஓடும். மரக்கட்டை உரசும் இடத்தில் அது வேண்டாம். 415-லிருந்து 110 வோல்ட்டுக்கு ஒரு கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மரும் 110 வோல்ட் காயிலும் போடச் சொன்னால் போட்டுத் தருகிறார்கள்.

டைமர். பட்டறையிலிருந்து ஆறு, எட்டு வினாடியில் வைத்து வருகிறது. பம்புக்கு அது சரி. பேண்ட் சாவின் இரண்டு வார்ப்பிரும்புச் சக்கரங்களும் வேகம் எடுக்க அது போதாது. பாதி வேகத்தில் டெல்டாவுக்கு மாறினால் நேரடியாக ஸ்டார்ட் செய்த மாதிரி கரண்ட் பாயும். ஸ்டார்-டெல்டா போட்டதன் பலனே இல்லை. கட்டை வைக்காமல் வெறும் ரம்பத்தை ஓட்டி, உள்வரும் லைனில் டாங் டெஸ்டரை (ஒயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் மீட்டர்) பிடியுங்கள். ஸ்டாரில் தொடக்கத்தில் 55, 60 ஆம்பியர் காட்டும். வேகம் ஏற ஏற இறங்கி ஒரு இடத்தில் நிற்கும். நின்ற பிறகு ஒரு வினாடி கூட்டி டைமரை வையுங்கள். அரை நிமிஷம் ஆகியும் இறங்கவில்லை என்றால் டைமரைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். பேரிங், பெல்ட், ரம்பத்தின் இழுவிசை அல்லது வோல்டேஜில் கோளாறு இருக்கிறது. சூடான மோட்டாரை அடுத்தடுத்து இரண்டு முறைக்கு மேல் ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம்.

உள்வரும் பக்கத்தில் 63 ஆம்பியர் எம்.சி.சி.பி. (ஷார்ட் ஆனால் தானே வெட்டும் பிரேக்கர்) நன்று. பழைய கிட்காட் ஃபியூஸை அப்படியே வைத்துக்கொண்டு பேனலை மட்டும் புதிதாக வாங்குபவர்கள் உண்டு. அந்தக் கிட்காட்டில் கையில் கிடைத்த செம்புக் கம்பியை இரட்டையாக முறுக்கிப் போட்டிருந்தால், இந்தப் பேனலுக்குச் செலவழித்த பணம் வீண். தீயைத் தடுக்க, கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் வெட்டும் ஒரு 300 மில்லி ஆம்பியர் எர்த் லீக்கேஜ் ரிலேயும், கையில் பிடிக்கும் டிரில், பிளேனர் பிளக்குகளுக்குத் ஷாக்கிலிருந்து ஆளைக் காக்கத் தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். எர்த் விஷயத்தில் பேரம் கிடையாது: நிலையாகப் பொருத்திய மோட்டாரின் உடம்பை இரண்டு தனித்தனி இணைப்புகளால் எர்த் செய்ய வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் விதி. பெட்டியில் இரண்டு எர்த் ஸ்டட் வருகிறது. கதவுக்கும் பெட்டிக்கும் நடுவே பின்னல் செம்புப் பட்டை வருகிறதா என்று பாருங்கள், பலதில் வருவதில்லை.

டெர்மினலைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மர மில் பேனல்களில் தீ கிளம்பும் முதல் இடம் அதுவே. 28 ஆம்பியர் ஓடும் ஒரு இணைப்பில் தளர்வால் 0.1 ஓம் தடை ஏற்பட்டால் அங்கே 78 வாட் சூடு பிறக்கிறது. கட்டை விரல் அளவு இடத்தில் அவ்வளவு சூடு. மூடிய பெட்டி, உள்ளே தூள், பக்கத்தில் பி.வி.சி. ஒயர். நம் பக்கத்தில் வெளியிலிருந்து வருவது பெரும்பாலும் 16 சதுர மி.மீ. அலுமினிய ஆர்மர்டு கேபிள். அளவு தாராளம்தான். ஆனால் அலுமினியம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கிக்கொண்டே போகும், மேலே ஆக்சைடு படியும், செம்போடும் பித்தளையோடும் ஒத்துப்போகாது. கேபிள் நுனியைச் சீவி நேராக டெர்மினலில் செருகி ஸ்க்ரூவை முறுக்குவது தவறு. இரு உலோக லக் போட்டு, உள்ளே ஆக்சைடு தடுக்கும் பசை தடவி, அளவுக்கு ஏற்ற டையில் (அழுத்தும் அச்சு) கிரிம்ப் செய்ய வேண்டும். சுத்தியலால் தட்டி நசுக்கியது கிரிம்ப் ஆகாது.

பேண்ட் சாவின் அதிர்வு இதைக் கெடுக்கும் இன்னொரு சங்கதி. பேனலை மெஷின் ஃபிரேமிலோ அதைத் தாங்கும் தூணிலோ மாட்டாதீர்கள். தனிச் சுவர் வேண்டும். மோட்டார் பக்கம் போகும் ஆறு ஒயரும் பல இழை கொண்ட செம்பாக இருக்கட்டும், 6 சதுர மி.மீ. போதும். முதல் முறை எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கியபின், ஸ்க்ரூவுக்கும் டெர்மினலுக்கும் குறுக்கே பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கோடு உடைந்து தெரிந்தால் ஸ்க்ரூ நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பதினைந்து நாள் கழித்து, மெயினை அணைத்து, மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும்.

சூடு பார்க்கும் கன் வைத்திருந்தால், முழுச் சுமையில் ஒரு மணி நேரம் அறுத்தபின் மூன்று ஃபேஸ் டெர்மினலையும் ஒப்பிடுங்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் மட்டும் கதவைத் திறக்க வேண்டும். பளபளக்கும் உலோகத்தின் மேல் கன்னைக் காட்டினால் அளவு குறைவாகக் காட்டும். பக்கத்திலிருக்கும் கறுப்பு இன்சுலேஷன் மேல் காட்டுங்கள். ஒரே சுமையில் ஒரு ஃபேஸ் மற்றதைவிட 4 முதல் 15 டிகிரி கூடுதலாக இருந்தால் அந்த வாரமே கவனியுங்கள். 15-ஐத் தாண்டினால் அன்றைக்கே நிறுத்திச் சரிசெய்யுங்கள்.

பவர் ஃபேக்டரைச் சரிசெய்யப் போடும் கெபாசிட்டரைப் பெட்டிக்குள்ளேயே வைத்துத் தருகிறார்கள். இடம் மிச்சம் என்பதைத் தவிர அதில் நன்மை இல்லை. பேனலில் முதலில் வீங்கி வெடிப்பதும் எண்ணெய் கசிவதும் எரிவதும் அதுதான். தனிப் பெட்டியில், தனி கான்டாக்டரோடு, உள்ளே அழுத்தம் கூடினால் தானே துண்டித்துக்கொள்ளும் ரகமாக வாங்குங்கள். மெயினை அணைத்த பிறகும் அதில் சார்ஜ் நிற்கும். ஒரு நிமிஷமாவது விட்டு, டெஸ்டரால் அல்ல, மீட்டரால் பார்த்த பிறகே தொட வேண்டும்.

ஏற்காட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. எஸ்டேட்டில் நிழலுக்கு வளர்த்து, மிளகுக் கொடி ஏற்றிய சில்வர் ஓக்கை மேலேயே அறுக்க நினைப்பவர்கள், 1,500 மீட்டர் உயரத்தை எண்ணிக் கவலைப்படுகிறார்கள். மோட்டாரின் கணக்கு 1,000 மீட்டர், 40 டிகிரி வரைக்குமானது என்பது உண்மைதான். ஆனால் அங்கே காற்றே குளிர்ச்சி என்பதால் அந்தக் குறை பெரும்பாலும் ஈடாகிவிடும். பனிமூட்டம்தான் பகை. இரவில் பெட்டிக்குள் ஈரம் பூத்து, படிந்திருக்கும் மரத்தூள் அதைக் குடித்து, ஃபேஸுக்கு ஃபேஸ் கரண்ட் கசியும் பாதையாகிவிடும். தெர்மோஸ்டாட்டோடு சிறிய பேனல் ஹீட்டர் ஒன்று போடச் சொல்லுங்கள். குண்டு பல்பைத் தொங்கவிட்டு ஈரம் போக்குவது தூள் இருக்கும் இடத்தில் ஆபத்து. மழைக்காலம் முழுக்க நிறுத்தி வைத்த மோட்டாரை 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) பார்த்து, குறைந்தது 1 மெகாஓம் இருந்தால் மட்டும் ஓட்டுங்கள். சித்திரை இடி மழைக்கு உள்வரும் லைனில் சர்ஜ் அரெஸ்டர் இல்லாவிட்டால் முதலில் போவது எலக்ட்ரானிக் டைமர்.

சுத்தம் செய்வதில் ஒரு கெட்ட பழக்கம்: கம்ப்ரஸர் காற்றால் பேனலையும் மோட்டாரையும் ஊதுவது. தூள் வெளியேறுவதைவிட கான்டாக்டருக்குள்ளும் பேரிங்குக்குள்ளும் போவதே அதிகம். காற்றில் எழும் மெல்லிய தூள் மேகம் நெருப்பைச் சந்தித்தால் எரிவதில்லை, வெடிக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு மர மில்கள் இப்படியே மரத்தூள் வெடித்துச் சிதறின, ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் இறந்தார்கள். நம் திறந்த ஷெட்டில் அந்த அளவுக்கு அடைபட வாய்ப்பு குறைவு; ஆனால் சுவர் எழுப்பி மூடிய மில்லும் தூள் அறையும் இங்கேயும் இருக்கின்றன. பிரஷ்ஷும் வேக்குவமும் போதும். மோட்டாரின் விசிறி மூடியையும் உடம்பின் வரிகளையும் தினமும், பேனலின் மேல் தகட்டை வாரம் ஒருமுறை.

தீ என்று வந்தால்: முதலில் மீட்டர் பக்கத்து மெயின். பேனல் கதவைத் திறக்க வேண்டாம், காற்று புகுந்து கூடுதலாக எரியும். பேனலுக்கு 4.5 கிலோ கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர். அதையே தூள் குவியலில் வேகமாக அடித்தால் தூள் எழும்பும். குவியலுக்கு, கரண்ட் அணைத்தது உறுதியான பிறகு, தண்ணீரை மெல்லத் தெளித்துக் கிளறி அணைக்க வேண்டும். 101-க்கு அழைப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

லூவர், கிளாண்ட், ரிலே ரேஞ்ச், பிரிவென்டர், ஐசொலேட்டர், 110 வோல்ட் கன்ட்ரோல், வெளியே கெபாசிட்டர் என்று இத்தனையும் சேர்த்தால் பேனல் விலை கூடத்தான் செய்யும். வாய்ப்பேச்சாகச் சொன்னால் பாதி வராது. எழுதிக் கொடுத்து, அதையே பில்லிலும் எழுதி வாங்குங்கள். டெலிவரி எடுக்கும் முன் பட்டறையிலேயே கதவைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு ஒயரிலும் எண் வளையம் இருக்கிறதா, கதவின் உள்பக்கம் சர்க்யூட் படம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் படம் இல்லாத பேனலை, இரண்டு வருஷம் கழித்து வரும் வேறு எலக்ட்ரீஷியன் ரிலே எந்த லைனில் இருக்கிறது என்று தெரியாமலே 28-க்குத் திருப்பி வைத்துவிடுவார்.